விழுவதே உத்தியோகம்

காவல்துறையில் சேர்ந்த நாள் முதல் அவர் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் அவரைப் பிடித்துத் தள்ளாத போலீஸ்காரர் என்று அந்த நகரத்தில் ஒருவரும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடியடி பழக வேண்டுமென்றால் அடி வாங்க ஓர் ஆள் வேண்டும். விலங்கு மாட்டப் பழக ஒரு கை வேண்டும். மோப்ப நாய் பாய்ந்து கவ்வ ஒரு கால் வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துப் பயிற்சி மைதானத்தில் இருந்தது ஒரே ஆள். அவருக்கென்று ஒரு பெயர் அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்தது. மைதானத்தில் 'கலகம்' என்றால்தான் தெரியும்.

"கலகம் அண்ணே, டீ குடிச்சிட்டு வந்து ஒரு ரகளை பண்ணிட்டுப் போயிடுங்க" என்பார் பயிற்சி இன்ஸ்பெக்டர். அண்ணனும் டீயைக் குடித்துவிட்டு வந்து ரகளை பண்ணிவிட்டுப் போவார்.

இந்த உத்தியோகம் அவரைத் தேடி வந்த கதை சிறியது. அவரும் ஒரு காலத்தில் மற்றவர்களைப் போல வரிசையில் நின்று பயிற்சி எடுத்தவர்தான். மழை பெய்து ஊறிக் கிடந்த மைதானத்தில் தடியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தவர், கால் வழுக்கி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சேற்றில் போய் விழுந்தார். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இப்படி விழ எல்லாராலயும் முடியாது" என்றார். அதோடு முடிந்தது. கூடப் படித்தவர்களெல்லாம் தெருவுக்குப் போனார்கள், பதவி உயர்ந்தார்கள், தொந்தி வைத்தார்கள். இவர் மைதானத்திலேயே விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்.

ஆனால் செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர். தடியடிக்கு முழங்கால் மடிந்து விழுவார். கண்ணீர்ப்புகைக்கு முகத்தைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விழுவார். நாய்க்கு மல்லாந்து விழுவார், அதுதான் நாய்க்கும் வசதி. விழுவதற்கு முன்னால் அரசாங்கத்தை நாலு வார்த்தை திட்டுவார், பயிற்சிக்கு ஓர் உயிர் வேண்டுமல்லவா. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு அரசாங்கத்திடமே சம்பளம் வாங்கிய ஒரே ஊழியர் அவராகத்தான் இருக்கும்.

இளம் பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் நிஜமாகவே அடித்துவிடுவதுண்டு. முதுகு வீங்கிப்போய் வந்த ஒரு மாலை, அவர் மனைவி ஒன்றும் பேசாமல் பழைய குளிர்காலக் கோட்டு ஒன்றைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு, அதன்மேல் கிழிந்த போர்வை, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பஞ்சு என்று வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டால் ஆள் ஒரு சுற்றுப் பெருத்து, பார்க்கவே ஒரு கலகக்காரனாகிவிடுவார். போகப் போக அந்தக் கோட்டு இல்லாமல் அவரைக் கலகம் என்று யாரும் மதிப்பதில்லை.

அவர் விழுந்த இடம் மைதானம் மட்டுமல்ல. ஒரே மகள் நடக்கத் தொடங்கிய வயதில், விரலைத் துப்பாக்கியாக நீட்டி "டுமீல்" என்பாள். கதவைத் திறந்து உள்ளே வரும் மனிதர் கையில் காய்கறிப் பையோடு அப்படியே சாய்வார். தக்காளி உருளும். மனைவி திட்டுவாள். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் அந்த வீட்டில் இது நடந்தது. அவள் சுட்டு அவர் விழாத நாள் கிடையாது.

அந்த மகள்தான் வளர்ந்து, போலீஸில் சேருவேன் என்று நின்றாள். அப்பா குறுக்கே நின்றார். தடுப்பதற்கு என்னென்னவோ கதை கட்டினார். உயர வரம்பை மாற்றிவிட்டார்கள் என்றார். பெண்களுக்குக் கொடுக்கும் பூட்ஸ் காலையே கோணலாக்கிவிடும் என்றார். இந்த வருடம் ஆள் எடுப்பதே சந்தேகம், உள்ளே இருக்கிற எனக்குத் தெரியாதா என்றார். ஒவ்வொன்றையும் அவள் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்து, "அப்பா, காதுல பூ சுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்துவிட்டாள்.

இப்படியிருக்கையில்தான் நகரத்துக்குக் கருணை பிறந்தது. கடைத்தெருவில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்துபோக, பெரிய கொந்தளிப்பாகிவிட்டது. இனிமேல் யாரையும் கொல்லக்கூடாது என்று நகர மன்றம் முடிவு செய்தது. அந்த முடிவுக்கு வர மன்றத்துக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. உடனே மூக்கில் வியர்த்தாற்போல ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் நீலக்கோட்டும் பளபளப்பான பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் ஷாக் துப்பாக்கி. விசையை அழுத்தினால் கம்பியோடு இரண்டு ஊசிகள் பறந்து போய்க் குத்தும், கம்பி வழியாக மின்சாரம் பாயும், ஆள் மரக்கட்டையாக விழுவான், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான்.

"இது கொல்லவே கொல்லாதா?" என்று கேட்டார் மேயரம்மா.

"குறைவாகக் கொல்லும் ஆயுதம்னு சொல்றதுதான் வழக்கம், மேடம்."

"எவ்வளவு குறைவா?"

விற்பனையாளர் புன்னகைத்துக்கொண்டே திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

படத்தைப் பார்த்தெல்லாம் வாங்க முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள் உறுப்பினர்கள். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சுடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். காவல்துறையில் யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கலகத்துக்கோ தலைகால் புரியவில்லை. இத்தனை காலமும் புல்தரையும் நாயும் பார்த்த வித்தையை முதன்முதலாக மேயர் பார்க்கப்போகிறார். முகம் மழித்து, தலைவாரி, மன்ற அறையின் சிவப்புக் கம்பளத்தில் கோட்டோடு போய் நின்றார். புதுப் பயிற்சியாளர்கள் கதவோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். அதில் மகளும் இருந்தாள்.

விற்பனையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கோட்டைக் கழட்டிட்டா நல்லது."

"கோட்டைக் கழட்டினா இவரு பேங்க் கிளார்க் மாதிரி இருப்பாரு சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் யாரைப் பார்த்து பயப்படணும்னு மெம்பருங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேயரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விற்பனையாளர் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "சரி, ஆரம்பிக்கலாம்" என்றார்.

கலகம் அரசாங்கத்தை அளவோடு திட்டினார். உறுப்பினர்கள் சிலர் தலையாட்டினார்கள். பிறகு பாய்ந்தார். விற்பனையாளர் விசையை அழுத்த, பட்டென்று ஒரு சத்தம். கோட்டின் மேல் இரண்டு சிறு கல் வந்து விழுந்ததுபோல் இருந்தது. அதன்பின் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் அறை முழுக்கச் சடசடவென்று ஒரே சத்தம். சத்தம்தான் பெரிதே தவிர, அவர் உடம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மனைவி வைத்துத் தைத்த பஞ்சுக்குள்ளேயே ஊசி நின்றுவிட்டது. விற்பனையாளர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தம் பெரிதாக வந்தால் மின்சாரம் ஆள்மேல் பாயவில்லை என்று பொருள், அது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதற்குள் கலகம் விழுந்துவிட்டார்.

விழ வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. சத்தம் கேட்டது, எல்லாரும் பார்த்தார்கள், உடம்பு தானாக விழுந்தது. அதுவும் எப்படி விழுந்தார்! விறைத்து, நுனிக்காலில் ஒரு கணம் நின்று, கை வெட்டி வெட்டி இழுக்க, பலகைபோல் பக்கவாட்டில் சாய்ந்தார். பார்த்த மேயரம்மா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். அறை அதிரக் கைதட்டல். விற்பனையாளர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

எழுந்திரு என்று சொல்லும் வரை எழுந்திருப்பது வழக்கமில்லை என்பதால் கலகம் கண்ணை மூடியபடி கம்பளத்திலேயே கிடந்தார். சந்தோஷத்தில் அவரை எழுந்திருக்கச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர் கிடக்கும்போதே போலீஸ்காரர்களுக்கு ஆளுக்கொன்று வாங்குவதென்று கை தூக்கி முடிவு செய்தார்கள். நிதிக்குழுத் தலைவர் இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு சக்தி கையில் இருக்கும்போது ரோந்துக்கு எதற்கு இரண்டு இரண்டு பேர், ஒருவர் போதுமே, மிச்சமாகுமே என்றார். அதற்கும் கைகள் உயர்ந்தன. தரையில் கிடந்தவருக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கைதட்டலிலேயே மிதந்துகொண்டிருந்தார்.

மகள்தான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"வலிச்சுதாப்பா?"

"எல்லாம் பழக்கம்தாம்மா" என்றார் வாயெல்லாம் பல்லாக. அந்த ஒரு பதிலைத்தான் பிறகு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடினார்.

நாளிதழில் படம் வந்தது. மனைவி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். "கோட்டு நல்லா விழுந்திருக்கு" என்றாள். கடைக்காரரெல்லாம் கைகுலுக்கினார்கள். ஒரு வாரம் மனிதர் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள், "எனக்கு சந்தைப்பக்கம் ரோந்து போட்டிருக்காங்க. தனியாத்தான்."

"தனியாவா?"

"அதான் துப்பாக்கி குடுக்கறாங்களேப்பா. உங்களையே சாய்ச்சிடுச்சு, அப்புறம் எவன் நிப்பான்?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். சந்தைப்பக்கம் எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியும். வாய்த்தகராறு எப்போது கம்பியைத் தூக்கும் என்று சொல்ல முடியாது. குளிர்காலமோ பக்கத்தில் வந்துவிட்டது. குளிர்காலத்தில் அந்த நகரத்தில் கோட்டு போடாத ஆள் ஏது? எவனோ ஒருவன் இரும்புக் கம்பியோடு வருவான், பெண் நம்பிக்கையோடு விசையை அழுத்துவாள், சடசடவென்று சத்தம் வரும், அவன் வந்துகொண்டே இருப்பான். இதற்கெல்லாம் காரணம் தான் அன்றைக்கு விழுந்ததுதான் என்பது எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"அம்மாடி, நான் சொல்றதைக் கேளு. எனக்கு ஷாக்கே அடிக்கல. சும்மா விழுந்தேன்."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பூட்ஸ் கதைக்கும் உயர வரம்புக் கதைக்கும் பார்த்த அதே பார்வை. "அப்பா, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

"சத்தியமாம்மா."

"நான் கண்ணால பார்த்தேன்ப்பா. இல்லாத ஷாக்குக்கு அப்படி விழ யாரால முடியும்?"

தன்னால் முடியும் என்பதைத்தான் அவரால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இதுநாள் வரை அவருக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரிய பாராட்டு அது. இப்படியொரு நேரத்திலா அது வர வேண்டும்.

இன்ஸ்பெக்டரிடம் போனார். அவர் மிகுந்த பரிவோடு உட்காரவைத்து, நிறுவனம் கொடுத்த புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். "ஷாக் அடிச்சவங்களுக்குக் கொஞ்ச நாள் ஞாபகம் முன்ன பின்ன இருக்கும்னு இதுலயே போட்டிருக்கு அண்ணே. அடிச்சதே மறந்து போயிருக்குன்னா, பாருங்க, எவ்வளவு பவரா வேலை செஞ்சிருக்கு."

"கோட்டுல ஓட்டை இருக்கு சார், உள் துணியில இல்ல. வேணா காட்டறேன்."

"லீவு எடுத்துக்கங்க அண்ணே."

விற்பனையாளருக்கும் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார் அவர். அடுத்த வாரம் நிறுவனத்தின் பெயர் பொறித்த தொப்பி ஒன்று தபாலில் வந்தது.

பேசிப் பயனில்லை என்று ஆனது. உத்தியோகம் முழுக்க அவர் எதையும் பேசிப் புரியவைத்தவரில்லை, செய்துகாட்டித்தான் பழக்கம். துப்பாக்கிகளை வழங்கும் விழா மைதானத்தில் நடப்பதாக இருந்தது. பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அந்தச் செயல்விளக்கத்தை இன்னொரு முறை நடத்திக்காட்டச் சொன்னார் மேயரம்மா.

"செய்யறேன் சார்" என்றார் கலகம். "ஒரே ஒரு ஆசை. என் பொண்ணு சுடட்டும்."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் மகளும், படம் முதல் பக்கத்தில் வரும் என்றார்.

விழா நாளில் குளிர்ந்த காற்று வீசியது. மேடையில் மேயரம்மா, நிதிக்குழுத் தலைவர், நீலக்கோட்டு விற்பனையாளர். எதிரே கோட்டோடு கலகம். நடுவில் மஞ்சள் துப்பாக்கியோடு மகள். அவர் அன்றைக்கு அரசாங்கத்தைத் திட்டவில்லை.

"சுடும்மா" என்றார்.

சுட்டாள். ஊசிகள் கோட்டில் போய் நின்றன. சடசடவென்று மைதானம் முழுக்கக் கேட்டது. அவருடைய முழங்கால் தானாக மடியப் பார்த்தது. கை இழுக்கப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்கும் அத்தனை கண்களுக்கும் விழாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது விழுந்தே பழகியவருக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, விழுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் உதட்டை அசைக்காமல்.

அவர் விழவில்லை.

"அண்ணே, மேயர் பாக்கறாங்க. விழுங்கண்ணே."

"விழற மாதிரி ஒண்ணும் நடக்கல சார்."

இன்னொரு முறை சுடச் சொன்னார்கள். அவள் சுட்டாள். மீண்டும் சத்தம். இந்த முறை அவர் நின்றதோடு நில்லாமல், ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு இன்னோர் அடி. நடந்து நடந்து மகளுக்கு முன்னால் வந்து, கையை நீட்டி, அவள் தோளை மெல்லத் தொட்டார். தெருவில் வேறொருவன் வந்திருந்தால் அந்தக் கையில் என்ன இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலை நீட்டிய வயதிலிருந்து அவள் சுட்டு அப்பா விழாதது அதுவே முதல் தடவை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேட்டரி என்றார் விற்பனையாளர். குளிர் என்றார் இன்ஸ்பெக்டர். விவகாரத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு ஆற அமர ஆராய்ந்து, நீண்ட காலம் அடி வாங்கியதால் சம்பந்தப்பட்ட ஊழியரின் உடம்பு மரத்துப்போயிருக்கிறது, அவரைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது தவறு என்று கண்டுபிடித்தது. கோட்டையும் விட்டுவிடவில்லை. தடித்த மேலாடை அணிந்த நபர்கள்மேல் ஆயுதத்தைப் பயன்படுத்துமுன் அவற்றைக் கழற்றும்படி கண்ணியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. வாங்கியது வாங்கியதுதான். தனி ரோந்தும் தனி ரோந்துதான்.

கலகத்தை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். மைதானத்துக்குப் புதிதாக ஒல்லியான ஓர் ஆள் வந்தார். மெல்லிய சட்டைதான் போடுவார். முதல் சுடுதலிலேயே நிஜமாக விறைத்து, நிஜமாக அலறி, தொப்பென்று விழுந்தார். விழுந்ததில் ரசனையே இல்லை என்று வாசலில் நின்றவருக்குப் பட்டது. ஆனால் எல்லாருக்கும் திருப்தி.

குளிர் நன்றாக இறங்கிய ஒரு வாரத்தில், மகள் வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். மஞ்சள் துப்பாக்கி அதில் அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"சந்தையில ஒருத்தன் கம்பிய வச்சுக்கிட்டுக் கண்ணாடியெல்லாம் உடைச்சுட்டிருந்தான்" என்றாள், ஏதோ பேருந்து தாமதமானதைச் சொல்வதுபோல. "என்னைப் பார்த்ததும் நேரா வந்தான்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் எதிர்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சுட்டியா?"

"இல்ல. பக்கத்துக் கடைக்குள்ள போயி இரும்புக் கதவை இழுத்துவிட்டுட்டேன். கதவுக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டு, ஸ்டேஷன் ஆளுங்க வர்ற வரைக்கும் பேசிட்டே இருந்தேன். கதவுல நாலு அடி அடிச்சான். அப்புறம் உக்காந்து அழுதான்."

"ஏன் சுடல?" என்றார். பதில் தெரிந்தும் கேட்டார். அவள் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"கோட்டு போட்டிருந்தாம்ப்பா. உங்க கோட்டு மாதிரியே, உள்ள பஞ்சு வச்சு, குறுக்கும் நெடுக்குமா தைச்சு."

"யாரு தைச்சுக் குடுத்தாளோ" என்றாள் மனைவி, மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொண்டே. அவர் பிடித்திருந்த நாற்காலியை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்து, அவரும் எழுந்திருக்க அவசரப்படாததால், பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.